காவிரி டெல்டாவில் தரமான தக்காளி: பாசனத்தைச் சீர்செய்து தாவரச் சாறு தெளிக்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக் கடைகளில் விற்கும் தக்காளியில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஆந்திரத்தின் மதனப்பள்ளி ஆகிய இடங்களிலிருந்து லாரியில் வந்திறங்கும் வெளியூர்ச் சரக்கு. நெல்லுக்கென்றே பழக்கப்பட்ட டெல்டா மண்ணில் தக்காளி வளராது என்பதல்ல காரணம்; செடி வளர்கிறது, காயும் பிடிக்கிறது, ஆனால் பழம் வெடிக்கிறது, அடி கருகுகிறது, காம்பைச் சுற்றிய தோள்பட்டை மஞ்சளாகவே நின்றுவிடுகிறது, இரண்டாம் நாளே குழைந்துபோகிறது. இந்த வழிகாட்டி விளைச்சலைக் கூட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல. முதன்முறையாகப் பத்து சென்ட் அளவில் தக்காளி போட நினைப்பவர், பறிக்கும் பழத்தின் நிறம், இனிப்பு, கெட்டித்தன்மை ஆகியவற்றை எப்படி உயர்த்தலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இதன் நோக்கம்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. முருங்கையிலைச் சாறு, கடற்பாசிச் சாறு என்று இன்று பலரும் பரிந்துரைக்கும் தெளிப்புகள் பயன் தருபவைதான். ஆனால் ஒரு வாரம் காய்ச்சலும் மறுவாரம் வெள்ளமுமாகத் தண்ணீர் விடும் தோட்டத்தில் எந்தச் சாற்றைத் தெளித்தாலும் பழம் வெடிக்கத்தான் செய்யும். பாசனம் ஒழுங்குக்கு வந்த பிறகே சாறு தன் வேலையைக் காட்டும். ஆகவே இங்கும் நீர் முன்னதாகவும் சாறு பின்னதாகவும் வைக்கப்பட்டுள்ளன.

நிலமும் பருவமும்

பழைய டெல்டாவின் களிமண், ஈரமானால் குழம்பாகவும் காய்ந்தால் விரல் நுழையும் வெடிப்பாகவும் மாறும் இயல்புடையது. நெல்லுக்கு உகந்த இந்த மண்ணில் தக்காளி வேர் மூச்சு முட்டும். கொள்ளிடம், காவிரிக் கரையோரப் படுகை நிலங்களும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவின் செம்மண் கலந்த நிலங்களும் இதைவிட ஏற்றவை. களிமண்தான் இருக்கிறது என்றால் கைவிட வேண்டியதில்லை. மேட்டுப்பாத்தி இல்லாமல் நடக்கூடாது, அவ்வளவுதான்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பழத்தின் நிறம் பாதி தீர்மானமாகிறது. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் என்னும் நிறமி 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக உருவாகும். 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி தளர்ந்து, மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். அக்னி நட்சத்திரத்தில் பழுக்கும் பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேலும் இரவு வெப்பம் 25 டிகிரிக்கு மேலும் நீடித்தால் மகரந்தம் கெட்டுப் பூவும் உதிரும். மறுபுறம், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் வேர் அழுகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் டெல்டாக்காரருக்கு உரியது: தண்ணீர் தேங்காத படுகையிலும் மேட்டிலும் கார்த்திகையில் நாற்றுவிட்டு மார்கழியில் நடலாம், சம்பா அறுத்த வயலில் நடுவதானால் மார்கழியிலேயே நாற்றைத் தயார்செய்து, அறுவடை முடிந்த கையோடு தையில் நட்டுவிட வேண்டும். நட்ட 60 முதல் 70 நாள்களில் முதல் பறிப்பு வரும். தையைத் தாண்டித் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அறுவடையைச் சித்திரை வெயிலுக்குள் தள்ளும்.

சம்பா அறுத்த வயலுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. மாதக்கணக்கில் நீர் நின்ற நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு குறைந்திருக்கும். பாக்டீரியா வாடல் நோய் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கத்தரியோ தக்காளியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலைசாய்ந்தால், அதன் தண்டை அடியில் குறுக்காக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பகுதியில் நோய் தாங்கும் ரகம் அல்லாமல் வேறெதையும் நடுவது வீண்செலவு.

ரகத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.கே.எம்.1 புளிப்பும் சதையும் உள்ள, தோளில் பச்சை படர்ந்த தட்டை உருண்டைப் பழம். சமையலுக்கு மக்கள் விரும்புவது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும். பழம் கெட்டியாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவது பாதுகாப்பானது.

பாத்தி, அடியுரம், மூடாக்கு

மண்ணையும் பாசன நீரையும் பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது முறை. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. சிக்கல், நீடாமங்கலம், வம்பன், சிறுகமணி ஆகிய ஊர்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. அருகில் உள்ளதை அணுகினால் போதும். கேட்க வேண்டியவை மண்ணின் கார அமில நிலை, உப்பு நிலை, நீரின் உப்பு நிலை ஆகிய மூன்றும்.

பாத்தியின் மேல்பரப்பு 120 சென்டிமீட்டர் அகலமும், பாத்திகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் வாய்க்காலும் இருக்கட்டும். களிமண்ணில் பாத்தி ஓரடி உயரமாவது இருக்க வேண்டும். வாய்க்கால் பாசனத்துக்காக அல்ல; எதிர்பாராமல் பெய்யும் மழைநீரை வெளியேற்றுவதற்காக. அதன் கடைசி முனை வடிகாலைத் தொட்டிருக்கிறதா என்று நடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எக்டருக்கு 25 டன் என்ற பரிந்துரைப்படி பத்து சென்டுக்கு ஒரு டன் மக்கிய தொழுவுரம் தேவைப்படும். அதனுடன் போராக்ஸ் 400 கிராமும் துத்தநாக சல்பேட் 2 கிலோவும் அடியில் இடலாம். போரான் குறைந்தால் காயின் தோல் தடித்துச் சொரசொரப்பாகும். இதைப் பலர் நோயென்று நினைத்து மருந்தடிப்பதைக் காணலாம்.

ஒரு பாத்திக்கு இரண்டு வரிசையாக, வரிசையில் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் இடைவெளியில் 25 நாள் வயதுள்ள நாற்றுகளை நட்டால், பத்து சென்டில் ஏறத்தாழ 1,200 செடிகள் நிற்கும். நட்ட உடனே மூடாக்கு இட வேண்டும். மல்ச்சிங் ஷீட் வாங்கலாம். ஆனால் சம்பா அறுவடை முடிந்த நேரத்தில் டெல்டாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. நான்கு விரல் கனத்துக்கு வைக்கோலைப் பரப்பினால், பங்குனி வெயிலில் மண்ணின் மேல்பரப்பு சூடேறாது, களிமண் வெடிக்காது, பழம் ஈரமண்ணில் பட்டு அழுகாது. மெஷின் கட்டிய வைக்கோல் கட்டில் உதிர்நெல் நிறைய ஒட்டியிருக்கும். உதறாமல் போட்டால் பத்தாம் நாள் தக்காளிப் பாத்தியில் நெல் நாற்று முளைத்து நிற்கும்.

தண்ணீர்: எவ்வளவு, எப்போது

டெல்டாவில் பாசனம் என்றாலே மேட்டூரை நினைப்பது வழக்கம். ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது அணையின் நெடுநாள் மரபு. அதாவது, நம் தக்காளி வேர்பிடிக்கும் நேரத்தில் ஆற்றுநீர் நின்றுவிடும்; பூக்கும், காய்க்கும், பழுக்கும் காலம் முழுவதும் போர்த் தண்ணீரையோ பண்ணைக்குட்டையையோ நம்பியே இருக்கிறது. ஆற்றுநீர் இருக்கும் நாள்களிலும் முறைப்பாசனத்தில் சில நாள் வரத்தும் சில நாள் வறட்சியுமாக வரும் நீரை நேரடியாகத் தக்காளிக்குப் பாய்ச்சுவது நல்லதல்ல. முறைத் தண்ணீரைக் குட்டையில் நிரப்பி, அதிலிருந்து அளந்து கொடுப்பதே தக்காளிக்குப் பொருந்தும்.

ஏன் இந்தச் சீர்மை இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் அளவுகள் எல்லாம் தாமாக விளங்கும். பழத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு நீர்தான். மண் காய்ந்து கிடக்கும் நாள்களில் பழத்தோல் முற்றி நெகிழ்ச்சியை இழக்கிறது. அதன்பின் திடீரென்று நீர் கிடைத்தால் உள்சதை உப்புகிறது, தோலோ விரியவில்லை, ஆகவே காம்பைச் சுற்றி வட்டமாகவோ நெடுக்காகவோ வெடிக்கிறது. நுனி அழுகலின் கதையும் இதுவே. காயின் அடிப்பகுதி கருகிக் குழிவிழும் இந்தக் கோளாறு சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது என்பது சரிதான்; ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் சுண்ணாம்பு குறைவதில்லை. சுண்ணாம்புச் சத்து செடிக்குள் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும். இலை நிறைய நீரை ஆவியாக்குவதால் நீரோட்டம் இலைப்பக்கமே இழுக்கப்படும். காயின் நுனிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். தண்ணீர் ஓரிரு நாள் தடைபட்டாலும் முதலில் பட்டினி கிடப்பது அந்த நுனி. எனவே கால்சியம் நைட்ரேட் வாங்கித் தெளிப்பதற்கு முன் தண்ணீர் விட்ட நாள்களை எழுதிப் பார்ப்பது பயன்தரும். யூரியாவை அள்ளிக் கொட்டுவதும் இதே கோளாறைக் கூட்டும்.

சொட்டுநீர் இல்லாமல் இந்தச் சீர்மையைக் கொண்டுவருவது கடினம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்கான சிறு, குறு விவசாயி சான்றைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீர் நிரப்பிய குட்டையிலிருந்து இறைப்பதானால் மணல் வடிகட்டியும் அதன்பின் தட்டு வடிகட்டியும் வேண்டும். காவிரி வண்டல் நெல்லுக்கு வரம், குழாயில் நீரைச் சொட்டவிடும் சொட்டுவானுக்கு எமன்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு நாளில் புல் மூடிய திறந்த வெளியிலிருந்து நீர் ஆவியாகும் அளவைப் பயிரின் பருவத்துக்குரிய எண்ணால் பெருக்கினால் அன்றைய தேவை கிடைக்கும். தக்காளிக்கு இந்த எண் நட்ட புதிதில் 0.6; காய்பிடித்துச் செடி முழுமையடைந்த நிலையில் 1.15, கடைசியில் 0.7 முதல் 0.9 வரை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இடைவெளியில் ஒரு செடிக்குரிய பரப்பு 0.34 சதுரமீட்டர் என்பதால், இளஞ்செடிக்கு நாளைக்கு ஒரு லிட்டரும் காய்க்கும் செடிக்கு இரண்டு லிட்டரும் தேவைப்படும். பத்து சென்டில் பாத்திக்கு ஒரு பக்கவாட்டுக் குழாய் வீதம் சுமார் 270 மீட்டர் குழாயும், அதில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மணிக்கு 4 லிட்டர் சொட்டும் 450 சொட்டுவான்களும் இருந்தால், ஒரு மணி நேரத்தில் 1,800 லிட்டர் இறங்கும். காய்க்கும் பருவத்துக்குத் தேவையான 2,400 லிட்டரைக் கொடுக்க ஒரு மணி 20 நிமிடம் ஓட்ட வேண்டும். வெயில் ஏறி ஆவியாதல் 6 மில்லிமீட்டரைத் தொட்டால் இன்னும் கால் மணி நேரம் கூட்டுங்கள்.

படுகை மணலில் இந்த நேரத்தைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்து ஓட்டுவது நல்லது. ஒரேயடியாக விட்டால் நீர் வேருக்குக் கீழே போய்விடும். களிமண்ணில் நேர்மாறு: தினமும் விட்டால் பாத்தியின் நடுவில் சேறு தங்கிவிடும் என்பதால் இரண்டு நாள் அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம்.

கணக்கு காகிதத்தில் எப்படியிருந்தாலும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. வைக்கோலை விலக்கி, சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, அரையடி ஆழத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரல்தடம் பதிந்து, கொழுக்கட்டை போல் உருண்டு நின்று, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் சரியான பதம். விரலிடுக்கில் நீரோ குழம்போ பிதுங்கினால் நாளைய பாசனத்தை நிறுத்துங்கள். பிடிக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது. அப்போதும் ஒரேயடியாகக் கூடுதல் நீர் விடாமல், இரண்டு மூன்று நாள்களில் சிறிதுசிறிதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

நீரின் உப்பும் பழத்தின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் ஆழமாகப் போர் போட்டால் உவர்நீர் ஏறிவரும். மண்கரைசலின் உப்பு நிலை மீட்டருக்கு 2.5 டெசிசீமன் வரை தக்காளி தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். லேசான உப்புநீரில் பழம் சிறுத்து இனிப்பு கூடும் என்பது உண்மை. அதை நம்பி வேண்டுமென்றே உவர்நீர் விடுபவர்கள் நுனி அழுகலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள். புதியவர்களுக்கு இது வேண்டாம்.

பழுக்கும்போது தண்ணீரைக் குறைப்பது

இனிப்பைக் கூட்டுவதற்குப் பாதுகாப்பான வழி, பழுக்கும் பருவத்தில் பாசனத்தைச் சற்றுக் குறைப்பதாகும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூத்துக் காய் திரளும் காலமும் தண்ணீர் குறையவே கூடாத நாள்கள். காய்கள் முழு அளவுக்குப் பருத்து, முதல் கொத்து செங்காயாக நிறம் மாறத் தொடங்கியதும், அன்றாடத் தேவையில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். 80 நிமிடம் ஓட்டியதை 60 நிமிடமாக்கினால் போதும். பழத்துக்குள் போகும் நீர் குறைவதால் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன, சதை இறுகுகிறது, லாரியிலும் கூடையிலும் அடிபட்டுக் குழைவது குறைகிறது. எடை சிறிதளவு குறையும்; அதை ஏற்றுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

ஒரே வீச்சில் காய்த்து ஓயும் குட்டை ரகங்களுக்கு இந்த முறை எளிதாகப் பொருந்தும். தொடர்ந்து மேலே பூத்துக்கொண்டும் கீழே பழுத்துக்கொண்டும் போகும் ஒட்டு ரகங்களில் கீழ்க்கொத்தின் இனிப்புக்காக மேற்கொத்தின் பிஞ்சைப் பலிகொடுப்பதாகிவிடும் என்பதால், கடைசி இரண்டு மூன்று பறிப்புகளுக்கு மட்டும் குறைத்தால் போதும். மதியம் இலை சற்றுத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அளவு சரி. காலை எட்டு மணிக்கே துவண்டிருந்தால் குறைத்தது அதிகம். இலை உதிர்ந்து காய் வெளியே தெரிந்தால் வெயில் நேரடியாகத் தாக்கி, தோளில் வெளிறிய கொப்புளம் போன்ற தழும்பு விழும்.

சாம்பல் சத்தையும் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டும். காய்பிடித்ததிலிருந்து பொட்டாசியம் நைட்ரேட்டையோ சல்பேட் ஆஃப் பொட்டாஷையோ சொட்டுநீர் வழியாகச் சிறு தவணைகளில் கொடுத்தால் நிறம் சீராக ஏறும். கால்சியம் நைட்ரேட்டை எந்தச் சல்பேட் உரத்தோடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்; சுண்ணாம்பு போல் படிந்து குழாயை அடைத்துவிடும்.

முருங்கையிலைச் சாறு

வீட்டுக்கொல்லையில் முருங்கை இல்லாத டெல்டா வீடு அரிது என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம். முருங்கைத் தளிரில் ஸியாட்டின் என்னும் வளர்ச்சி ஊக்கி இயற்கையாகவே மிகுதியாக உள்ளது. வைட்டமின் சி, பொட்டாசியம், சுண்ணாம்புச் சத்து, பீனால் வகைச் சேர்மங்கள் ஆகியனவும் உண்டு. ஸியாட்டினின் முக்கிய வேலை இலை முதுமையடைவதைத் தள்ளிப்போடுவது. இலை பசுமையாக நீடித்தால் சர்க்கரை உற்பத்தியும் நீடிக்கும், காய்க்கு நிழலும் கிடைக்கும். முருங்கையிலைச் சாறு தெளித்த தக்காளியில் சர்க்கரை முதலிய கரைதிடப்பொருள், வைட்டமின் சி, லைகோபீன், கெட்டித்தன்மை ஆகியவை கூடியதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அளவு மாறினால் பலனும் மாறும். கெட்டியாக அடித்தால் இருமடங்கு பலன் என்று நினைப்பது பொருந்தாது.

செய்முறை எளிது. விடியற்காலையில், முற்றாத கிளைகளின் நுனித்தளிரை இளங்காம்போடு பறித்து, பழுத்த இலையையும் கம்பளிப்பூச்சி இருந்த இலையையும் நீக்கிவிடுங்கள். ஒரு கிலோ தளிருக்கு 100 மில்லி தண்ணீர் மட்டும் சேர்த்துக் கிரைண்டரிலோ மிக்சியிலோ விழுதாக அரைக்க வேண்டும். இங்கேதான் பலர் அரைபடவில்லை என்று செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அதன்பின் என்ன அளவில் தெளிக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. விழுதைக் காடாத்துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு நுரைத்து இறங்கும். அதை இன்னொரு முறை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயரின் முனை பத்தடிக்கு ஒருமுறை அடைக்கும். பிழிந்த சக்கை மண்புழு உரக் குழிக்கு ஆகும்.

இந்தச் சாற்றின் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் என்பதே பெரும்பாலும் பின்பற்றப்படும் அளவு. பத்து லிட்டர் டேங்குக்கு 320 மில்லி சாறு என்று அளந்து ஊற்றிக்கொள்ளலாம். இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்க்கலாம். பிழிந்த சாற்றை அன்றே, கூடுமானால் நான்கைந்து மணி நேரத்துக்குள், தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்துத் தன் குணத்தை இழக்கும். மீந்ததை ஃப்ரீசரில் உறையவைத்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

நட்ட மூன்றாம் வாரத்தில் முதல் தெளிப்பு; பூக்கத் தொடங்கும்போது ஒன்று; பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் ஒன்று; அதற்குப் பதினைந்து நாள் கழித்துக் கடைசி. இந்த நான்கே போதும். மார்கழி, தை மாதங்களில் டெல்டாவில் பனி கடுமையாக இருக்கும். இலையில் பனிநீர் நிற்கும்போதே தெளித்தால் சாறு நீர்த்து வழிந்துவிடும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் தெளியுங்கள். பங்குனியில் மாலை நான்கு மணிக்கு மேல் தெளிக்கலாம். இருட்டுவதற்குள் இலை உலர வேண்டும், இல்லாவிட்டால் இலைக்கருகல் நோய்க்கு நாமே ஈரம் கொடுத்தவர்களாவோம். இலையின் அடிப்பக்கமும் நனைவது அவசியம்.

கடற்பாசியும் வேம்பும்

கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புக் கடற்பாசி பாக் நீரிணைக் கரையோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. பறித்த பாசியைப் பச்சையாகவே அரைத்துச் சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையை, உணவைக் கெட்டியாக்கும் கேராஜினன் என்ற பொருள் தயாரிக்கவும் பயன்படுத்தும் முறையை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. இதில் பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் இருப்பதால் வெயிலையும் உப்பையும் செடி ஓரளவு தாங்கிக்கொள்ள உதவுகிறது. கடலோர டெல்டாவுக்கு இதனால் தனிப்பயன் உண்டு. கடையில் வாங்கும்போது, 2021 முதல் இத்தகைய உயிரூக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வந்துவிட்டன என்பதை நினைவில் கொண்டு, லேபிளில் சேர்க்கை விவரமும் அளவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லாப் பயிருக்கும் எல்லா நோய்க்கும்’ என்று எழுதிய பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதால் லேபிளில் உள்ளபடியே கலக்க வேண்டும். முருங்கைச் சாறும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு முறை அது, அடுத்த முறை இது என மாற்றித் தெளிக்கலாம்.

வேப்பங்கொட்டைச் சாறு பழத்தை இனிப்பாக்காது. ஆனால் காய்ப்புழு துளைத்த பழத்துக்கு என்ன நிறமிருந்து என்ன பயன்? பத்து லிட்டருக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பால்போல் வெளுக்கும்வரை பிழிந்து, பத்து லிட்டராக்கிக்கொள்ளுங்கள். பருப்பு போன ஆடி, ஆவணியில் பொறுக்கி நிழலில் காயவைத்ததாக இருக்க வேண்டும். ஒரு வருடம் கடந்த பருப்பில் வீரியம் போய்விடும். வெள்ளை ஈயும் காய்ப்புழுவின் முட்டையும் தென்படும்போது மாலை வேளையில், தேனீக்கள் அடங்கிய பிறகு தெளிக்கலாம். தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை வீதம், 40 நாள் வயதான ஆப்பிரிக்கச் சாமந்தி நாற்றை 25 நாள் தக்காளி நாற்றோடு சேர்த்து நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி சாமந்தி மொட்டைத் தேடிப்போகும். சாமந்தியும் கும்பகோணம் பூக்கடையில் விலைபோகும்.

பஞ்சகவ்யத்தைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது தாவரச் சாறு அல்ல. அறுவடைக் காலத்தில் பழத்தின்மீது படும்படி சாணமும் கோமியமும் கலந்த கரைசலைத் தெளிப்பதை, பச்சையாகக் கடிக்கும் பழத்துக்கு என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

பலன் கிடைத்ததா என்று பார்ப்பது

சாறு தெளித்ததால்தான் பழம் நன்றாக வந்தது என்று எப்படித் தெரியும்? தோட்டம் முழுவதும் தெளித்துவிட்டால் தெரியவே தெரியாது. நடுவில் ஒரு பாத்தியைச் சாறு தெளிக்காமல், வெறும் தண்ணீர் மட்டும் தெளித்து விட்டுவையுங்கள். பாசனமும் உரமும் மற்றப் பாத்திகளைப் போலவே இருக்க வேண்டும். ஓரப் பாத்தியைத் தேர்ந்தெடுத்தால் வெயிலும் காற்றும் வேறாக இருக்கும் என்பதால் ஒப்பீடு கெட்டுவிடும்.

இனிப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி போதும். இரண்டு பாத்தியிலும் ஒரே நாளில், ஒரே உயரத்துக் கொத்திலிருந்து, ஒரே அளவு பழுத்த பத்துப் பழங்களைப் பறித்து, குறுக்கே வெட்டி, விதைக்கூழை ஒதுக்கிவிட்டுச் சதைச்சுவரின் சாற்றில் இரண்டு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 4 முதல் 5 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பைக் குறிக்கும் அலகு) வரை காட்டும். 5-ஐத் தாண்டினால் நல்ல பழம். தண்ணீர் விட்ட மறுகாலை பறித்த பழத்தில் எண் குறைவாகவே வரும் என்பதால், அளக்கும் நாளுக்கு முந்தைய பாசனத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதிவையுங்கள். வெடித்தவை, அடி கருகியவை, புழு துளைத்தவை என மூன்றாகப் பிரித்து, நூறு பழத்துக்கு எத்தனை என்று எண்ணிக் குறிப்பது பிரிக்ஸைவிடவும் பயனுள்ளது. அடுத்த போகத்தில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்த மூன்று எண்களே காட்டிவிடும். வெடிப்பு மிகுந்தால் பாசன இடைவெளியைப் பாருங்கள். கருகல் மிகுந்தால் அதோடு யூரியாவையும் உப்பையும். துளை மிகுந்தால் வேப்பஞ்சாறு தெளித்த தேதிகளை.

பறிப்பும் வைப்பும்

உள்ளூர் உழவர் சந்தைக்கென்றால் முக்கால் பழுப்பில் பறிக்கலாம். திருச்சி காந்தி மார்க்கெட் போன்ற இடத்துக்கு அனுப்புவதானால் செங்காயே ஏற்றது. செங்காயாகப் பறித்தது நிழலில் பழுக்கும்போது நன்றாகவே நிறமேறும். சித்திரை வெயிலில் செடியிலேயே விட்டுவைப்பதைவிட இது மேல். கோடை மழைக்கு வானம் கூடினால் செங்காய் முழுவதையும் மழைக்கு முன்பே பறித்துவிடுங்கள். மழை பெய்தபின் நிற்கும் பழத்தில் பாதி, மறுநாள் வெடித்திருக்கும்.

காலை வெயில் ஏறுவதற்குள் பறித்து, காம்பைக் கணுவில் மடக்கி ஒடித்து, கிரேட் பெட்டியில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் அடுக்காமல் வைக்க வேண்டும். நீண்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும். ஃப்ரிட்ஜிலோ குளிர்பதனக் கிடங்கிலோ 12 டிகிரிக்குக் கீழே செங்காயை வைத்தால் அது பின்னர் சரியாகப் பழுக்காது, மணமும் ஏறாது. காற்றோட்டமான கீற்றுக்கொட்டகையில், தரையில் படாமல் பலகைமீது அடுக்கி, தினமும் ஒருமுறை பிரித்துப் பார்த்து, கசியும் பழத்தை உடனே நீக்கிவிட்டால் போதும்.